ஒன்றேகால் ரூபாய் அபராதம்: 1888இல் காந்தியைச் சாதி விலக்கிய நிகழ்வு, ஓர் ஆய்வு

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10க்கும் செப்டம்பர் 4க்கும் இடைப்பட்ட நாட்களில், பம்பாயில் மோத் பனியா என்ற குஜராத்தி வணிகச் சாதியாரின் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்டவர் மோகன்தாஸ் காந்தி; வயது பதினெட்டு. சட்டம் படிக்கக் கப்பலேறி இங்கிலாந்து போவதாக இருந்தார். அதுவரை அந்தச் சாதியில் ஒருவரும் அங்கே போனதில்லை. சாதித் தலைவரான சேட், போக வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். பையன் மசியவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது. இன்று முதல் இந்தப் பையன் சாதியில் சேர்த்தியில்லை. இவனுக்கு உதவுகிறவர்களும், வழியனுப்பக் கப்பல் துறைக்குப் போகிறவர்களும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் கட்ட வேண்டும்.

தீர்ப்பின் முதல் பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த ஆய்வு இரண்டாம் பாதியைப் பற்றியது. கடல் கடந்தால் சாதி போகும் என்ற விதி நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தது எப்படி என்பதற்கான விடை அந்த ஒன்றேகால் ரூபாயில்தான் இருக்கிறது. கடலில் போகிறவனைத் தடுக்கச் சாதியிடம் கருவி எதுவும் கிடையாது. அவனுக்குப் பணம் தருகிறவர், அவனைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கிறவர், அவன் வீட்டில் பெண் எடுக்கிறவர் ஆகியோர்மீதுதான் சாதிக்குப் பிடி இருந்தது. பிடி இருந்த இடத்தில் அது கை வைத்தது.

இதுபோன்ற விலக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எத்தனையோ நடந்தன. இந்த ஒன்றைத் தேர்ந்ததற்குக் காரணம், இதன் தொடக்கம், இடைப்பகுதி, மூன்று ஆண்டு கழித்து நடந்த பரிகாரம், அதற்குப் பிறகும் தீராமல் நின்ற பகுதி எல்லாவற்றையும் விலக்கப்பட்டவரே தம் தன்வரலாற்றில் கோபமில்லாமல் எழுதிவைத்திருப்பதுதான். மற்ற வழக்குகளில் ஏதாவது ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும்.

ஏட்டில் இருந்த விதி

சேட் சாஸ்திர மேற்கோள் எதையும் காட்டவில்லை. நம் மதம் வெளிநாட்டுக் கடற்பயணத்தைத் தடுக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். காட்ட நினைத்திருந்தால் என்ன காட்டியிருக்கலாம் என்று பார்ப்பது அவசியம்.

மிகப் பழைய இடம் பௌதாயன தர்மசூத்திரம் என்ற பழைய வடமொழி ஒழுக்க நூல். நிலையிலிருந்து தாழ்த்தும் குற்றங்களின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. பட்டியலின் முதல் சொல்லே சமுத்ர சம்யானம், அதாவது கடற்பயணம். அடுத்து வருபவை அந்தணர் பொருளையும் அடைக்கலப் பொருளையும் கவர்தல், நிலம் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லுதல் போன்றவை. பரிகாரமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: மூன்று வேளை உணவை விட்டு நான்காம் வேளையில் மட்டும் குறைவாக உண்ண வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை நீராட வேண்டும். பகல் முழுவதும் நின்றும், இரவு முழுவதும் உட்கார்ந்தும் கழிக்க வேண்டும். இப்படி மூன்று ஆண்டுகள். நாளைக்கு இரண்டு வேளை உணவு என்ற கணக்கில் பார்த்தால், இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை வயிறு. உடல் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் மூன்று ஆண்டு முடிந்தால் குற்றம் கழிந்துவிடும் என்று சூத்திரம் தெளிவாகச் சொல்கிறது. அதே நூலின் முற்பகுதியில் வடநாட்டார் வழக்கங்கள் என்று சில எண்ணப்படுகின்றன: கம்பளி விற்பது, மது அருந்துவது, ஆயுத வாணிகம், கடலில் போவது. அதாவது விதி எழுதப்பட்ட காலத்திலேயே ஒரு பகுதியினர் கடலில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

மனு இன்னும் மென்மை. கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர் பட்டியலில் வைப்பதோடு சரி. எட்டாம் அத்தியாயத்தில் அதே நூல், கடல் வாணிகக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதைக் கடற்பயணம் அறிந்தவர்களே முடிவு செய்யட்டும் என்கிறது.

கதவு உண்மையில் அடைபட்டது பின்னால், கலிவர்ஜ்யப் பட்டியல்களில். கலியுகத்தில் செய்யக் கூடாதவை என்று இடைக்காலத் தர்மநூல்கள் தொகுத்த பட்டியல்கள் இவை. இங்கே இரண்டு பாடங்கள் வழங்கின. 1888இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம். ஒரு பாடத்தின்படி, கடற்பயணத்தை மேற்கொள்வது விலக்கப்பட்டது. மற்றொன்றின்படி, கப்பலில் கடல் கடந்த இருபிறப்பாளனை (மேல் மூன்று வருணத்தானை) பரிகாரம் செய்த பிறகும் சேர்த்துக்கொள்வது விலக்கப்பட்டது. முதல் பாடத்தை ஏற்றால் குற்றம் உண்டு, கழுவாயும் உண்டு. இரண்டாவதை ஏற்றால் கழுவாய் செய்தாலும் பந்தியில் இடமில்லை. திரும்பி வந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சாதிகள் இரண்டாகப் பிளந்தபோதெல்லாம், ஒவ்வொரு தரப்புக்கும் கையில் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் தயாராக இருந்தது. 1892இல் கல்கத்தாவில் இந்தக் கேள்வியைத் தீர்க்கப் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்கும் இயக்கமே நடந்தது. ஒருமித்த விடை கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் முடியாது.

ஏட்டையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரியும். காந்தி பிறந்த அதே கடற்கரையிலிருந்து இந்து வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அரபிக் கடலைக் கடந்தார்கள். கட்ச் பாட்டியாக்கள் மஸ்கட்டிலும் சான்சிபாரிலும் கடை வைத்திருந்தார்கள்; ஜைராம் சிவ்ஜியின் நிறுவனம் சான்சிபாரின் சுங்கத்தையே குத்தகைக்கு எடுத்து நடத்தியது. நம் பக்கத்தில் நகரத்தார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்வந்தார்கள்; அதற்காக அவர்களை யாரும் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. உப்புத் தண்ணீர் மட்டும் தீட்டாக இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் சாதி இழந்திருக்க வேண்டும். வணிகர்கள் போன இடத்தில் தங்கள் ஆட்களோடு தங்கித் தங்கள் சமையலைச் சாப்பிட்டார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற தனிப் பையனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. சேட்டின் குற்றச்சாட்டிலும் இரண்டு பகுதிகள் இருந்தன: மதம் கடற்பயணத்தைத் தடுக்கிறது என்பது ஒன்று, அங்கே போனால் வெள்ளைக்காரரோடு உண்ணவும் குடிக்கவும் வேண்டிவரும் என்பது மற்றொன்று. கனம் முழுவதும் இரண்டாவதில் இருந்தது.

கூட்டம் வரை நடந்தவை

காந்தியின் தந்தை கரம்சந்த், போர்பந்தர், ராஜ்கோட் சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர், 1885இல் இறந்துவிட்டார். 1887இல் மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ், பாவ்நகர் சாமள்தாஸ் கல்லூரியில் ஒரு பருவம் படித்துவிட்டு, பாடம் பிடிபடாமல் ஊர் திரும்பினார். குடும்பத்துக்கு வேண்டியவரான மாவ்ஜி தவே என்ற பிராமணர்தான் இங்கிலாந்து யோசனையைச் சொன்னவர். பாரிஸ்டர் படிப்புக்கு மூன்று ஆண்டு, செலவு நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் என்பது அவர் கணக்கு. கடல் கடப்பதற்கு எதிரான முதல் குரல் ஒரு பிராமணரிடமிருந்து வந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே யோசனையே அவருடையது.

குடும்பத்துக்குள் அனுமதி வாங்க மூன்று படிகள் ஏற வேண்டியிருந்தது. போர்பந்தரில் இருந்த சிற்றப்பாதான் அப்போது குடும்பத்தின் மூத்தவர். பையன் மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் போய் அவரைப் பார்த்தார். பாரிஸ்டர்கள் உணவில் ஒழுக்கம் பார்ப்பதில்லை, வாயில் எப்போதும் சுருட்டு, உடையும் வெள்ளைக்காரரைப் போல என்று அவர் அடுக்கினார். தாம் யாத்திரை புறப்படும் நேரம், சாகப்போகும் வயது. கடல் கடக்க எப்படி அனுமதி கொடுப்பேன் என்றார். ஆனாலும் தடுக்க மாட்டேன், தாயின் அனுமதிதான் முக்கியம் என்று முடித்தார். இந்தப் பதிலைக் கவனிக்க வேண்டும். தம் பெயரில் அனுமதி இல்லை, ஆனால் தடையும் இல்லை. அனுமதி கொடுத்தால் பழி தம்மேல் வரும் என்பதை அந்தக் கிழவர் அறிந்திருந்தார். போர்பந்தர் நிர்வாகியாக இருந்த லெலியிடம் உதவித்தொகை கேட்டார்கள்; முதலில் பி.ஏ. முடி என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். தாய் புத்லிபாயின் பயம் மது, மாது, மாமிசம் என்ற மூன்றையும் பற்றியது. மோத் பனியாவாகப் பிறந்து சமண முனிவரான பேசர்ஜி சுவாமி, மூன்றையும் தொடுவதில்லை என்று பையனிடம் சத்தியம் வாங்கினார். தாய் சம்மதித்தார்.

சாதிக்கூட்டத்தின் குற்றச்சாட்டுக்கு விடை இந்தச் சத்தியத்திலேயே இருந்தது. கூட்டத்தில் காந்தி சொன்னதும் அதைத்தான்: நீங்கள் அஞ்சுவது எதுவோ அதைத் தொட மாட்டேன் என்று தாயிடம் உறுதி கொடுத்துவிட்டேன். சேட் அதை ஏற்கவில்லை. அங்கே போனால் மதத்தைக் காக்கவே முடியாது என்றார். தனி மனிதன் கொடுத்த சத்தியத்தைச் சாதியால் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததைச் சாதி எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளவில்லை. சாதி இதில் தலையிட வேண்டாம் என்று பையன் சொன்ன பிறகு, விவாதம் உணவிலிருந்து அதிகாரத்துக்கு மாறிவிட்டது. விலக்கு உடனே வந்தது.

இதற்கெல்லாம் நேரம் கிடைத்தது பருவக்காற்றால். ஆகஸ்ட் 10 அன்று மனைவி கஸ்தூர்பாவையும் சில மாதக் குழந்தையையும் ராஜ்கோட்டில் விட்டு அண்ணனுடன் கிளம்பினார். பம்பாயில் நண்பர்கள் பயமுறுத்தினார்கள்: மழைக்காலத்தில் இந்தியப் பெருங்கடல் கொந்தளிக்கும், முதல் பயணம் வேறு, நவம்பருக்குப் பிறகு போகட்டும். சமீபத்தில் புயலில் ஒரு கப்பல் மூழ்கியது என்று ஒருவர் சொல்லவே அண்ணன் தயங்கினார். தம்பியை நண்பர் வீட்டில் விட்டு, பயணப் பணத்தை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, ராஜ்கோட்டுக்குத் திரும்பினார். பையன் பம்பாயில் தனியாகச் சும்மா உட்கார்ந்திருந்த இந்த இடைவெளியில்தான் சாதியார் காதுக்குச் செய்தி போய்க் கூட்டம் கூடியது. நேரே கப்பலேறியிருந்தால் பம்பாய்க் கூட்டத்துக்கு ஆளே கிடைத்திருக்க மாட்டார்.

தீர்ப்பு எப்படி வேலை செய்தது

சேட் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. கரம்சந்தோடு நல்ல பழக்கம் உள்ளவர். ஆக, பகையால் வந்த தீர்ப்பு இல்லை. தலைவர் பதவியின் வேலை இது.

ஒன்றேகால் ரூபாய், ஐயாயிரம் ரூபாய் செலவு செய்யத் துணிந்த குடும்பத்துக்குப் பொருட்டே இல்லாத தொகை. அதன் பலம் தொகையில் இல்லை. அபராதம் விதிக்கப்பட்டவர் அதைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிறார்; கட்ட மறுத்தால் சாதிக் கட்டளையை மீறியவர் ஆகிறார், அடுத்த கூட்டத்தில் அவரே நிறுத்தப்படுவார். சிறு தொகைதான் இதற்கு வசதி. பெரிய தொகை என்றால் கட்ட முடியவில்லை என்ற சாக்குக் கிடைக்கும். சிறியதைக் கட்டாதவன் வேண்டுமென்றே கட்டாதவன்.

மைத்துனரின் பதில் இதற்குச் சாட்சி. கையில் அண்ணன் கொடுத்துவைத்த பணம் இருக்கிறது. அது காந்தி குடும்பத்தின் பணமே தவிர அவருடையது அன்று. காந்தி போய்க் கேட்டபோது சேட்டின் உத்தரவைக் காட்டி மறுத்தார். தம்மால் சாதியை இழக்க முடியாது என்றார். ஒன்றேகால் ரூபாயைப் பற்றி அவர் பேசவே இல்லை. தீர்ப்பை எழுதியவர்களும் அதைக் கேட்டவர்களும் அபராதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அவரைக் கோழை என்று சொல்வது எளிது. அவர் வீட்டில் அடுத்துக் கல்யாணம் நடக்க வேண்டும், சாவு விழுந்தால் தோள் கொடுக்க ஆள் வேண்டும். அந்தக் கணக்கில் அவர் முடிவு சரியானதே.

உத்தரவு ஏன் கப்பல் துறையைக் குறிப்பிட்டது? உதவி என்பது நாலு சுவருக்குள் நடக்கும், கண்டுபிடிக்க முடியாது. துறை பொது இடம். யார் வந்தார், யார் கை அசைத்தார் என்பதைப் பார்க்க ஒரே ஒரு ஆள் போதும். கட்டளையை எங்கே காவல் காக்க முடியுமோ அந்த இடத்தைச் சாதி பெயர் சொல்லிக் குறித்தது. தனியாகக் கப்பலேறும் பையனைப் பார்த்து, இவனுக்கு யாருமில்லை என்று ஊரார் நினைப்பார்கள் என்பதும் கணக்கில் இருந்திருக்கும்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போக வழி இருந்ததா? பெரும்பாலும் இல்லை. 1827ஆம் ஆண்டின் பம்பாய் இரண்டாம் ஒழுங்குமுறை, 21ஆம் பிரிவில், சாதிப் பிரச்சினைகளில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்று சொன்னது. சாதிக்கும் நற்பெயருக்கும் ஏற்பட்ட கேட்டுக்கு நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு மட்டுமே விதிவிலக்கு. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் சாதி இழந்தவரின் சொத்துரிமையையும் வாரிசுரிமையையும் காத்தது. சொத்தைக் காத்தது, பந்தியைக் காக்கவில்லை. விலக்கின் வலி முழுவதும் சட்டம் கை வைக்காத இடத்தில் இருந்தது.

எங்கே தோற்றது

இவ்வளவு கச்சிதமான உத்தரவு செப்டம்பர் 4 அன்று தோற்றுப்போனது. மூன்று ஓட்டைகள்.

அண்ணன் லட்சுமிதாஸ் ராஜ்கோட்டில் இருந்தார். உத்தரவைக் கேள்விப்பட்டும், தம் அனுமதி அப்படியே நிற்கிறது என்று கடிதம் எழுதினார். பணத்துக்குப் பொறுப்பான ஆள் பயப்படாதபோது பம்பாய்க் கூட்டத்தின் மிரட்டல் பாதி வலுவிழக்கிறது. அவர் மட்டும் பின்வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காந்தி தீர்ப்புக்கு அஞ்சவில்லை, அண்ணன் மனம் மாறிவிடுமோ என்றுதான் கவலைப்பட்டார்.

இரண்டாவது, கடன். மைத்துனர் மறுத்ததும் காந்தி குடும்ப நண்பர் ஒருவரிடம் போனார். கப்பல் கட்டணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் தாருங்கள், அண்ணனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நண்பர் கொடுத்தார். கணக்குப்படி இது அண்ணனுக்குக் கொடுத்த கடன். பையனுக்குச் செய்த உதவி என்று யாரும் விரல் நீட்ட இடமில்லை. சாதியின் தடை பண ஓட்டத்தின் ஒரு வாய்க்காலை அடைத்தது, தண்ணீர் வேறு வாய்க்காலில் ஓடியது.

மூன்றாவது, துணை. ஜூனாகத் வக்கீல் திரியம்பக்ராய் மஜும்தார் அதே கப்பலில் பாரிஸ்டர் படிக்கப் போனார். அவர் அறையிலேயே காந்திக்கு இடம் கிடைத்தது. வழியனுப்ப ஆள் வராமல் தடுக்க முடிந்த சாதியால், கப்பலுக்குள் பெரியவர் துணை கிடைப்பதைத் தடுக்க முடியவில்லை.

எஸ்.எஸ். கிளைட் கப்பலில் உணவு விஷயம் எப்படி நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே சாப்பிட்டு ஓட்டினார். மாமிசம் தொடவில்லை என்பதற்கு ஆங்கிலேயப் பயணி ஒருவரிடம் சான்றிதழ்கூட எழுதி வாங்கினார். ஊர் திரும்பும்போது காட்டலாம் என்ற எண்ணம். பின்னால், மாமிசம் தின்றவர்களும் அதே சான்றிதழை வாங்க முடியும் என்று கண்டதும் அதற்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டார். கூட்டத்தில் சத்தியத்தைச் சரிபார்க்க முடியாது என்பதுதான் சிக்கல் என்று பார்த்தோம். சான்றிதழ் அந்தச் சிக்கலைத் தீர்க்க எடுத்த முயற்சி. அதுவும் சரிபார்க்க முடியாததாகப் போனது.

திரும்பி வந்தபின்

1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டர் ஆனார், 11 அன்று உயர் நீதிமன்றத்தில் பதிந்தார், 12 அன்று கப்பலேறினார். பம்பாயில் இறங்கியபோதுதான் தாய் இறந்த செய்தி சொல்லப்பட்டது. சாதிக்குள் புயல் இன்னும் அடங்கவில்லை. சாதி இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. ஒன்று உடனே சேர்த்துக்கொண்டது, மற்றொன்று சேர்ப்பதில்லை என்று உறுதியாக நின்றது.

சேர்க்க விரும்பிய கட்சிக்காக அண்ணன் இரண்டு காரியம் செய்தார். ராஜ்கோட் போகும் முன் தம்பியை நாசிக்குக் கூட்டிப்போய்ப் புண்ணிய நதியில் நீராட வைத்தார். ராஜ்கோட் வந்ததும் சாதியாருக்கு விருந்து வைத்தார். அவ்வளவுதான். பௌதாயனரின் மூன்று ஆண்டு எங்கே, ஒரு முழுக்கும் ஒரு விருந்தும் எங்கே! ஆனால் இந்த இரண்டில் முழுக்கைவிட விருந்துதான் தீர்ப்பு. விருந்தில் இலை போட்டு உட்கார்ந்த ஒவ்வொருவரும் இவரோடு உண்டவர் ஆகிவிடுகிறார். இனி இவரை விலக்கினால் தம்மையும் விலக்க வேண்டும். அபராதம், உதவியவர்களைக் குற்றத்தில் இழுத்தது. விருந்து, சாப்பிட்டவர்களை மன்னிப்பில் இழுத்தது. இரண்டும் ஒரே இயந்திரம், திசை மட்டும் வேறு. காந்திக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அண்ணன் சொல்லைத் தட்டாமல் செய்தார்.

சேர்க்காத கட்சியோடு அவர் நடந்துகொண்ட விதம் இந்த வழக்கின் மிக முக்கியமான பகுதி என்பது நம் கருத்து. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கேட்கவே இல்லை. விலக்கு விதியின்படி மாமனார், மாமியார், உடன்பிறந்த அக்காள், அவர் கணவர் வீடுகளில்கூட அவருக்கு உணவிட முடியாது. அவர்கள் மறைவாகச் சாப்பாடு போடத் தயாராக இருந்தார்கள். அவர் அந்த வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவாகச் செய்ய மாட்டேன் என்பது அவர் பதில்.

மறைவான சோறு அந்தக் காலத்தில் விலக்கப்பட்டவர்களுக்குச் சாதாரணமான வழி. பின்கட்டு வழியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், ஊருக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கும். அதில் ஆபத்து யாருக்கு? சாப்பிடுகிறவருக்கு இல்லை, ஏற்கெனவே அவர் வெளியே. சோறு போட்டவரை யாராவது காட்டிக்கொடுத்தால் அவர்தான் அடுத்த கூட்டத்தில் நிற்பார். காந்தி தண்ணீரை மறுத்ததால் மாமனார் வீடு அந்த அபாயத்திலிருந்து தப்பியது. சாதியும் அவர்மேல் புதிய குற்றம் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. அந்தக் கட்சியிலிருந்து தமக்குத் தொல்லை வந்ததே இல்லை, பின்னாளில் அவர்களில் பலர் தம் அரசியல் வேலைக்கு உதவினார்கள் என்று அவர் எழுதுகிறார். சேர்க்கச் சொல்லிப் போராடியிருந்தால், சாதியை மேலும் துண்டாக்க முயன்றிருந்தால், நிலைமை வேறாகியிருக்கும் என்பதும் அவர் கணிப்பு. 1893 ஏப்ரலில் அவர் மறுபடி கப்பலேறி டர்பன் போனார். அந்தப் பயணத்துக்காகச் சாதிக்கூட்டம் கூடியதாக அவர் எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை

குஜராத்தில் இது முதல் வழக்கன்று. 1860இல் இங்கிலாந்து போன நாகர் பிராமணர் மகிபத்ராம் ரூப்ராமும், 1863இல் போன கபோல் பனியா கர்சன்தாஸ் மூல்ஜியும் விலக்கப்பட்டார்கள். இருவரும் சீர்திருத்தக்காரர்கள் என்று முன்பே பெயர் எடுத்தவர்கள்; கர்சன்தாஸ் 1862இல் வைணவ வல்லப மரபின் மகாராஜ் எனப்படும் குரு ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கை எதிர்கொண்டவர். அவர்கள் விஷயத்தில் கடல் ஒரு சாக்கு, பழைய கணக்கும் சேர்ந்து தீர்க்கப்பட்டது. காந்திமேல் அப்படிப் பழைய கணக்கு எதுவும் இல்லாததால்தான் அவர் வழக்கில் விதியின் இயக்கம் கலப்படமில்லாமல் தெரிகிறது.

காஷ்மீரப் பண்டிதர்களிடையே பிளவு பெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. 1884இல் இங்கிலாந்து போன பிஷன் நாராயண் தர் திரும்பி வந்து பரிகாரம் செய்தபோது, அவரைச் சேர்த்தவர்கள் பிஷன் சபா, மறுத்தவர்கள் தர்ம சபா என்று ஆயினர். 1899இல் போய்வந்த மோதிலால் நேரு பரிகாரமே செய்ய மறுத்தார். செலவுக்கு யாரையும் எதிர்பார்க்காத பெரிய வக்கீல் அவர். சாதி கதவடைத்தாலும் அவர் வீட்டுக் கதவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். விலக்கின் வலு, விலக்கப்படுகிறவர் யாரை நம்பி இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பணம் கரை காணாமல் இருந்தால் இன்னொரு வழி. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்குப் போன ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், எஸ்.எஸ். ஒலிம்பியா கப்பலை முழுதாக வாடகைக்கு எடுத்தார். குலதெய்வத்தையும் கூடவே கொண்டுபோனார். 1.6 மீட்டர் உயரமுள்ள பெரிய வெள்ளிக் குடங்களில் கங்கை நீர் கப்பலேறியது. ஒவ்வொன்றும் சுமார் 340 கிலோ. இன்றும் ஜெய்ப்பூர் நகர அரண்மனையில் பார்க்கலாம். அவர் கடலைக் கடந்தார், தம் அடுப்பையும் தண்ணீரையும் கடக்கவில்லை. சான்சிபார் வணிகர் தம் சமையலோடு போனதும் இதே தர்க்கம்தான், அளவு மட்டும் அரச அளவு.

நம் ஊர் வழக்கு கணித மேதை ராமானுஜனுடையது. நாமக்கல் நாமகிரித் தாயார் தாய் கோமளத்தம்மாளின் கனவில் வந்து வழி விட்டதாகச் சொல்லப்பட்ட பிறகே அனுமதி கிடைத்தது. குடுமியை எடுத்துவிட்டு 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து எஸ்.எஸ். நெவாசாவில் கிளம்பினார். கேம்பிரிட்ஜில் தாமே சமைத்துச் சாப்பிட்டு, உணவுப் பக்கத்தில் குற்றம் சொல்ல இடமில்லாமல் இருந்தார். 1919இல் திரும்பியதும் ராமேஸ்வரத்தில் பரிகாரம் செய்வதாகத் திட்டம். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வைதிக உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை. காந்திக்கு ஒரு விருந்தில் முடிந்தது இவருக்கு முடியாமல் போனது, விருந்து நடக்கும் முன்பே உயிர் போனதால். குற்றத்தின் கனம் இரண்டிலும் ஒன்றேதான்.

அபராதம் திசை மாறியது

1949இல் பம்பாய் மாகாணம் சாதி விலக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சமூகமும் தன் உறுப்பினரை விலக்குவது செல்லாது. விலக்குக்குக் காரணமாகும் செயலைச் செய்கிறவருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். முதல் முறையாக அபராதம் சேட்டின் பக்கம் திரும்பியது. 1962இல் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் சையத்னா தாகிர் சைபுதீன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மதப்பிரிவுகள் தம் மத விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை மீறுகிறது என்று அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதன் பிறகு மகாராஷ்டிரம் 2016இல் வேறு வழியில் வந்தது. விலக்கு என்ற மதச் செயலை விட்டுவிட்டு, சமூகப் புறக்கணிப்பு என்ற நடப்பைக் குற்றமாக்கியது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாதிப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து புறக்கணிப்பை விதிக்கிறவர்களே இந்தச் சட்டத்தின் இலக்கு. சடங்கில் கலந்துகொள்ள விடாமல் தடுப்பது, தொழில் உறவை அறுப்பது, பழகக் கூடாது என்று மற்றவர்களைத் தூண்டுவது எல்லாம் அதன் கீழ் வருகின்றன. 1888 தீர்ப்பின் இரண்டாம் பாதியில் இருந்தது இதே செயல்தான்.